விழித்தெழத் தாமதிக்கும் மின்னணுப் பெருக்கிகள்

வால்வு வானொலிப் பெட்டிகள் வீடுகளில் இருந்த காலத்தில், குமிழைத் திருகியவுடன் ஒலி எழுவதில்லை. முதலில் முகப்பு விளக்கு எரியும். பின்னர் வால்வுகளின் இழைகள் மெல்லச் சிவக்கும். பத்து இருபது விநாடிகள் கழிந்த பின்னரே குரல் சன்னமாக எழுந்து முழு அளவை அடையும். வால்வினுள் உள்ள எதிர்மின்வாய் போதிய அளவு சூடேறினாலன்றி அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படா. ஆதலின் அக்காத்திருப்பு தவிர்க்க இயலாததாக இருந்தது. 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. சூடேற்ற வேண்டிய இழை எதுவும் அதில் இல்லை. எனவே, மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே கருவி இயங்கத் தொடங்கிவிடும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. டிரான்ஸிஸ்டர்களால் அமைந்த பெருக்கிகளும் விழித்தெழச் சிறிது காலம் எடுத்துக்கொள்கின்றன. அது விநாடிக் கணக்கில் அன்று, மில்லி விநாடிக் கணக்கில் அமைவதால் மனிதப் புலன்களுக்குத் தென்படுவதில்லை. ஆனால் மின்கலத்தின் சேமிப்பைக் கொண்டே பல மாதங்கள் இயங்க வேண்டிய அளவுகருவிகளில் இச்சிறு தாமதம் பெருஞ்செலவாகிறது. அதனினும் கேடு யாதெனில், விழித்தெழாத பெருக்கியிடமிருந்து பெறப்படும் அளவு பிழையான அளவாகும். இத்தாமதத்திற்கு முதற்காரணமாக விளங்குவது ஒரு சிறு மின்தேக்கி. வேடிக்கை யாதெனில், பெருக்கியை நிலைகுலையாமல் காப்பதற்காகவே அம்மின்தேக்கி அங்கு அமர்த்தப்பட்டிருக்கிறது.

பெருக்கி நிலைகுலைவது ஏன்?

பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து, எதிர்த்திசையில் உள்ளீட்டிற்கே திருப்பி அனுப்புவதை எதிர்ப் பின்னூட்டம் என்பர். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் காலையில், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்த பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் என்பவரின் உள்ளத்தில் இக்கருத்து உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதனை அவர் வரைந்துகொண்டார். பெருக்கத்தில் ஒரு பகுதியைத் துறந்து, அதற்கு ஈடாகத் துல்லியத்தையும் நிலையான நடத்தையையும் பெறுவதே அவர் கண்ட வழி. தொலைபேசிக் கம்பிகள் முதல் இன்றைய அளவுகருவிகள் வரை யாவும் இத்தத்துவத்தின் பயனை நுகர்கின்றன.

ஆயினும் பின்னூட்டத்தில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. பெருக்கியின் ஒவ்வொரு படியும் தன் வழியே செல்லும் அலையைச் சிறிது பின்தங்கச் செய்கிறது. அதிர்வெண் உயர உயர இப்பின்னடைவும் மிகுகிறது. ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் மொத்தப் பின்னடைவு அரைச் சுற்றளவை, அஃதாவது 180 பாகையை எட்டுமாயின், எதிர்த்திசையில் வர வேண்டிய அலை ஒரே திசையில் வந்து சேரும். அவ்வதிர்வெண்ணில், சுற்றிவந்த அலையின் அளவு குன்றாமல் இருந்தால் பெருக்கி தானாகவே ஊசலாடத் தொடங்கும். இந்நிலைக்குரிய கணித விதியை ஹாரி நைக்விஸ்ட் 1932-இல் வகுத்தளித்தார்.

ஊசலாட்டத்தைத் தவிர்க்கும் எளிய வழி, உயர் அதிர்வெண்களில் பெருக்கத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுவதாகும். அலைகள் அரைச் சுற்று பின்தங்கும் அதிர்வெண்ணை எட்டுமுன் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஊசலாட இடமில்லை. இவ்வாறு பெருக்கத்தைக் குறைக்கும் முறைக்கு ஈடுசெய்தல் என்று பெயர். அதனை ஒரு மின்தேக்கியைக் கொண்டு செய்வது பெருவழக்கு.

30 பிகோபாரட்டின் கதை

இம்மின்தேக்கியைப் பெருக்கியின் இரண்டாம் படியின் உள்ளீட்டிற்கும் வெளியீட்டிற்கும் இடையே இணைப்பார்கள். அவ்விடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அங்கே இணைக்கப்பட்ட மின்தேக்கி தன் இயல்பான கொள்ளளவைப்போலப் பல மடங்கு பெரியதாகத் தோற்றமளிக்கும். 1920-இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் வெளியீட்டில், மூன்று மின்வாய் வால்வுகளைப் பற்றி எழுதுகையில் ஜான் மில்லர் என்பவர் இவ்விளைவை விளக்கினார். அவர் பெயராலேயே இது மில்லர் விளைவு எனப்படுகிறது. இரண்டாம் படியின் பெருக்கம் 500 மடங்கு எனக் கொண்டால், 30 பிகோபாரட் மின்தேக்கி ஒன்று ஏறத்தாழ 15,000 பிகோபாரட் மின்தேக்கியைப்போலச் செயற்படும். வால்வுகளின் காலத்தில் இடையூறாகக் கருதப்பட்ட விளைவு, ஸிலிக்கன் துண்டில் இடம் அரிதான காலத்தில் உதவியாக மாறிற்று.

1965-இல் பாப் விட்லர் வடிவமைத்து வெளிவந்த 709 என்னும் ஒருங்கிணைந்த பெருக்கிக்கு ஈடுசெய்யும் உறுப்புகளை வெளியிலிருந்து இணைக்க வேண்டியிருந்தது. அவரே 1967-இல் அளித்த 101 என்னும் பெருக்கிக்கு 30 பிகோபாரட் மின்தேக்கி ஒன்றை வெளியே இணைத்தாற் போதும் என்றாயிற்று. 1968-இல் டேவ் புல்லாகர் வடிவமைத்த 741 என்னும் பெருக்கியில் அந்த 30 பிகோபாரட் மின்தேக்கி ஸிலிக்கன் துண்டினுள்ளேயே இடம்பெற்றது. பயன்படுத்துவோர் ஊசலாட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உரிய கால்களை இணைத்துவிட்டால் கருவி இயங்கிற்று. பொறியியற் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறை மாணவர்கள் முதன்முதலாகக் கையாண்ட பெருக்கி இதுவே.

அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. 741 பெருக்கியின் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் அளவே ஏற வல்லது. அதன் காரணம் எளிய கணக்கிலேயே விளங்கும். முதற்படி தரக்கூடிய பெரும மின்னோட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோ ஆம்பியர். அதனை 30 பிகோபாரட்டால் வகுத்தால் மைக்ரோ விநாடிக்குச் சுமார் 0.67 வோல்ட் என வரும். நடைமுறையில் காணும் மதிப்பு அதற்கு அணித்தாகவே இருக்கிறது. வெளியீடு எவ்வளவு உயர வேண்டுமோ அவ்வளவு மின்னேற்றத்தை மின்தேக்கியில் நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்பும் குழாயோ மிக மெல்லியது.

தாமதத்தின் இரு பகுதிகள்

மின்சாரம் பாயாத நிலையில் பெருக்கியின் மின்தேக்கி வெறுமையாக இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வெளியீடு பூஜ்யத்திலிருந்து தன் உரிய நிலைக்கு உயர வேண்டும். மேலே கூறிய மெல்லிய குழாய்தான் அம்மின்தேக்கியை நிரப்புகிறது. 741 போன்ற பெருக்கியில் இதற்குச் சில மைக்ரோ விநாடிகளே ஆகும். ஆனால் மின்கலத்தால் இயங்கும் இக்காலக் கருவிகளில் முதற்படியின் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியரிலிருந்து நானோ ஆம்பியருக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. அங்கேதான் தாமதம் பெருகுகிறது.

எடுத்துக்காட்டாக, முதற்படியின் மின்னோட்டம் 20 நானோ ஆம்பியர், ஈடுசெய் மின்தேக்கி 20 பிகோபாரட், மின்கலம் 3 வோல்ட் எனக் கொள்ளலாம். வெளியீடு நடுநிலையான 1.5 வோல்ட்டுக்கு உயர வேண்டும். 20 நானோ ஆம்பியரை 20 பிகோபாரட்டால் வகுத்தால் மில்லி விநாடிக்கு 1 வோல்ட் என்னும் வேகம் கிடைக்கிறது. ஆகவே 1.5 வோல்ட் ஏறுவதற்கு 1.5 மில்லி விநாடி ஆகும். இது தாமதத்தின் முதற்பகுதி. இதனை ஏறும் காலம் எனலாம்.

வெளியீடு உரிய நிலையை நெருங்கியதும் முதற்படி தன் முழு மின்னோட்டத்தையும் செலுத்துவதில்லை. எஞ்சிய பிழை குறையக் குறைய மின்னோட்டமும் குறைகிறது. மேற்கண்ட பெருக்கியின் வெளியீட்டை முழுவதுமாகப் பின்னூட்டினால், ஒவ்வொரு 50 மைக்ரோ விநாடிக்கும் எஞ்சிய பிழை ஏறத்தாழ 37 சதவீதமாகச் சுருங்கும். 50 மில்லி வோல்ட் பிழை 1 மில்லி வோல்ட்டாகக் குறைவதற்கு இத்தகைய நான்கு இடைவெளிகள், அஃதாவது 200 மைக்ரோ விநாடிகள் தேவை. இது இரண்டாம் பகுதி. இதனை அடங்கும் காலம் எனலாம். இரண்டையும் சேர்த்து, இப்பெருக்கி விழித்தெழ ஏறத்தாழ 1.7 மில்லி விநாடி ஆகிறது.

இவற்றுடன் மற்றொரு தீங்கும் சில வேளைகளில் சேர்ந்துகொள்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் பெருக்கியின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் எழுவதில்லை. உள்ளீட்டில் வர வேண்டிய ஒப்பு மின்னழுத்தம் இன்னும் வந்து சேராத நிலையில் முதற்படி எழுந்துவிட்டால், அது பொய்யான பிழையைக் கண்டு மின்தேக்கியைத் தவறான திசையில் நிரப்பத் தொடங்கும். பின்னர் அந்த மின்னேற்றத்தை அதே மெல்லிய குழாய் வழியாக வடித்துவிட்டு, சரியான திசையில் மீண்டும் நிரப்ப வேண்டும். அந்நிலையில் காலம் இரு மடங்கும் ஆகலாம்.

சிக்கனமே செலவாதல்

1.7 மில்லி விநாடி என்பது ஒரு பொருட்டா எனச் சிலர் கருதக்கூடும். கீழ்வரும் கணக்கு அதற்கு விடை தரும்.

பாரத்தையோ பாலங்களின் திரிபையோ அளக்கும் கருவிகளில் 350 ஓம் தடைகள் நான்கைக் கொண்ட வீட்ஸ்டன் சுற்று வழங்கி வருகிறது. 3 வோல்ட் மின்கலத்துடன் இணைத்தால் அச்சுற்று ஏறத்தாழ 8.6 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். இடையறாது இணைத்து வைத்தால் 200 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிறு மின்கலம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஆகவே விநாடிக்கு ஒரு முறை மட்டும் சுற்றை விழிக்கச் செய்து, அளவெடுத்து, மீண்டும் உறங்க வைக்கிறார்கள். அளவெடுப்பதற்கு 0.3 மில்லி விநாடி போதும் எனக் கொண்டால், பெருக்கி எழுவதற்கான 1.7 மில்லி விநாடியையும் சேர்த்துச் சுற்று ஒவ்வொரு முறையும் 2 மில்லி விநாடி விழித்திருக்க வேண்டும். சராசரி மின்னோட்டம் சுமார் 17 மைக்ரோ ஆம்பியர்; மின்கலம் பதினாறு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கும். பெருக்கி விழிக்கும் காலத்தை 0.2 மில்லி விநாடியாகக் குறைத்துவிட்டால் மொத்தம் 0.5 மில்லி விநாடி ஆகும். சராசரி மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகும். சுற்றின் செலவை மட்டும் கணக்கிட்டால் மின்கலம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க வேண்டும். மின்கலம் தானே வடிவதாலும் பிற உறுப்புகளின் செலவாலும் நடைமுறையில் இக்காலம் குறையுமெனினும், வேறுபாட்டின் பெருமை தெளிவு.

இக்கணக்கில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. பெருக்கி உண்பது நானோ ஆம்பியர் கணக்கில் மட்டுமே. அது சிக்கனமாக இருப்பதாலேயே மெதுவாக எழுகிறது. அது எழும்வரை, ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக உண்ணும் மற்ற உறுப்புகள் வேலையின்றிக் காத்துக்கிடக்கின்றன. சேமித்தது நானோ ஆம்பியர். இழந்தது மில்லி ஆம்பியர்.

அவ்வாறாயின் வேகமாக எழும் பெருக்கி ஒன்றை அமர்த்திவிடலாமே எனக் கேட்கலாம். அளவெடுக்கும் கணத்தில் மட்டும் இயங்கும் பெருக்கிக்கு அதுவே நேர்வழி. ஆனால் எல்லாக் கருவிகளும் அவ்வாறு அமைவதில்லை. விழித்தெழுந்தபின் நெடுநேரம் தொடர்ந்து காவலிருக்க வேண்டிய பெருக்கிகள் உண்டு. கருவியின் மற்ற உறுப்புகள் உறங்கும்போதும் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் பெருக்கிகள் உண்டு. உடலுள் பொருத்தும் கருவிகளில் ஒரே ஸிலிக்கன் துண்டில் பல பெருக்கிகள் நெருங்கி அமைவதும் உண்டு. இவற்றில் நிலையான மின்னோட்டத்தை உயர்த்துவது தகாது. எழும்போது வேகமும், எழுந்தபின் சிக்கனமும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன.

அறியப்படாத பிழை

தாமதத்தால் மின்கலம் தேய்வதை ஒருவாறு கண்டுகொள்ளலாம். அளவில் புகும் பிழையைக் கண்டுகொள்வது அரிது. மேற்கண்ட பெருக்கியிடமிருந்து, மின்சாரம் பாய்ந்து ஒரு மில்லி விநாடி கழிந்ததும் அளவெடுத்தால், 1.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டே காணப்படும். இப்பிழை ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் வருவதன்று. ஒவ்வொரு முறையும் அதே அளவில் வரும். ஆகவே அளவுகள் ஒன்றோடொன்று நன்கு ஒத்துப்போகும். கருவி நம்பகமானது என்ற தோற்றம் உண்டாகும்.

ஆய்வுக்கூடத்தில் 25 பாகை வெப்பத்தில் அக்கருவியை அளவீட்டுத் தரத்துடன் ஒப்பிட்டுத் திருத்தும்போது, இப்பிழையும் திருத்தத்தினுள் அடங்கி மறைந்துவிடும். பின்னர் கருவி வெயில் காயும் களத்தில் நிறுத்தப்படுகிறது. வெப்பத்தால் பெருக்கியின் இயக்க மின்னோட்டம் மாறுகிறது. ஏறும் வேகம் மாறுகிறது. அந்த ஒரு மில்லி விநாடியில் எட்டும் மின்னழுத்தமும் மாறுகிறது. பாலத்தின் பாரம் மாறாமலிருக்க, கருவி மட்டும் பாரம் மாறியதாக அறிவிக்கும். குறை உணர்கருவியினது என்றே பலரும் கருதுவர். உண்மையில் பெருக்கி எழுந்து முடிப்பதற்கு முன்பே அதனிடம் விடை கேட்கப்பட்டிருக்கிறது.

பரிகாரங்கள்

மின்தேக்கியை நீக்கிவிடுவது பரிகாரமாகாது. நீக்கினால் பெருக்கி ஊசலாடும். அதனைச் சிறிதாக்குவதற்கும் எல்லை உண்டு. எனவே, பெருக்கி எழும் அச்சிறு காலத்திற்கு மட்டும் மின்தேக்கியை வேறு வகையாக நடத்துவதே நிபுணர்கள் மேற்கொண்டுள்ள வழி. கனத்த தேரை அசைக்கத் தொடங்கும்போது சக்கரத்தின் பின்னே நெம்புகோல் கொடுப்பார்கள். தேர் உருளத் தொடங்கியதும் நெம்புகோலை விலக்கி, வடத்தாலும் கட்டையாலும் அதனை ஆள்வார்கள். அதுபோன்ற உதவிகளே இங்கும் அளிக்கப்படுகின்றன. அவை மூன்று வகைப்படும்.

முதல் வகை, மின்னேற்றத்தைக் காத்துவைத்தல். பெருக்கியை உறங்க வைக்குமுன் மின்தேக்கியின் ஒரு முனையை டிரான்ஸிஸ்டர் ஸ்விட்சு ஒன்றால் துண்டித்துவிடுகிறார்கள். மின்னேற்றம் வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கிறது. மறுமுறை விழிக்கும்போது மின்தேக்கி ஏறக்குறைய நிரம்பியே இருப்பதால் ஏறும் காலம் மறைந்துவிடுகிறது. மெதுவாக மாறும் அளவுகளுக்கு இது மிகப் பொருத்தமானது. ஏனெனில் சென்ற முறையின் விடை இம்முறையின் விடைக்கு அணித்தாக இருக்கும். ஆனால் ஸ்விட்சு முழுமையான அடைப்பன்று. ஒரு பிகோ ஆம்பியர் கசிந்தாலும் 20 பிகோபாரட் மின்தேக்கியில் விநாடிக்கு 0.05 வோல்ட் வடியும். உறக்கம் ஒரு விநாடி நீடித்தால் இழப்பு சிறிது. அரை நிமிடம் நீடித்தால் 1.5 வோல்ட்டும் வடிந்து, காத்துவைத்ததன் பயன் அற்றுப்போகும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் இக்கசிவு இரு மடங்காகும் என்பது பொது விதி. 25 பாகையில் ஒரு பிகோ ஆம்பியர் கசியும் ஸ்விட்சு 55 பாகையில் எட்டு பிகோ ஆம்பியர் கசியும். கோடையில் வெளியே நிற்கும் கருவிப் பெட்டிகளுக்கு இவ்வெப்பம் புதிதன்று.

இரண்டாம் வகை, முன்கூட்டி நிரப்புதல். மின்தேக்கியின் இரு முனைகளும் இறுதியில் எந்த மின்னழுத்தங்களில் நிற்கும் என்பதை வடிவமைப்பாளர் பெரும்பாலும் முன்னரே அறிவார். இரண்டாம் படியின் உள்ளீட்டில் நிற்கும் முனை, ஒரு டிரான்ஸிஸ்டரை இயக்கத் தேவையான மின்னழுத்தத்தில் நிற்கும். அதே வகை டிரான்ஸிஸ்டர் ஒன்றைத் தனியே அமைத்து அம்மின்னழுத்தத்தின் நகலைப் பெறலாம். மற்ற முனை பெருக்கியின் வெளியீடாகும்; அதன் எதிர்பார்க்கும் மதிப்பும் பல கருவிகளில் தெரிந்ததே. விழிக்கும் கணத்தில் இரு முனைகளையும் இம்மின்னழுத்தங்களுடன் ஸ்விட்சுகளால் நேரே இணைக்கிறார்கள். ஸ்விட்சின் தடை 50,000 ஓம் ஆனாலும், 20 பிகோபாரட் மின்தேக்கிக்குரிய கால அளவு ஒரு மைக்ரோ விநாடியே. ஏழெட்டு மைக்ரோ விநாடிகளில் அது நிரம்பிவிடும். வெளிச்சுமையில் பெரிய மின்தேக்கி இருந்தால் மட்டும் இக்காலம் நீளும். நகல் மின்னழுத்தம் 50 மில்லி வோல்ட் பிழையுடன் இருப்பினும், எஞ்சுவது 0.2 மில்லி விநாடி அடங்கும் காலமே. 1.7 மில்லி விநாடி 0.2 ஆகக் குறைவது இவ்வாறுதான். நீண்ட உறக்கத்திற்குப் பிறகும் இம்முறை தவறாது. வெளியீடு எங்கு நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாத கருவிகளில் மட்டும் இதன் பயன் குறையும்.

மூன்றாம் வகை, மின்னோட்டத்தை மிகுவித்தல். எழும் காலத்தில் மட்டும் முதற்படியின் மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கினால், ஏறும் காலம் 1.5 மில்லி விநாடியிலிருந்து 0.15 ஆகக் குறையும். அடங்கும் காலமும் 0.2-இலிருந்து 0.02 ஆகக் குறையும். முன்கூட்டி நிரப்புவதால் அடங்கும் காலம் குறைவதில்லை. மின்னோட்டத்தை மிகுவிப்பதால் இரண்டும் குறைகின்றன. இது இம்முறையின் சிறப்பு. ஆனால் இங்கே பழைய ஆபத்து தலைகாட்டுகிறது. முதற்படியை மட்டும் வேகப்படுத்தினால் மின்தேக்கி அளித்த காவல் போதாமல் போகும். இரண்டாம் படி பின்தங்கிப் பெருக்கி ஊசலாடலாம். ஆகவே இரண்டு படிகளின் மின்னோட்டத்தையும் ஒரே விகிதத்தில் உயர்த்த வேண்டும். அவ்வாறு உயர்த்தினால் இரண்டின் வேகமும் சேர்ந்தே வளர்வதால், அவற்றிடையே இருந்த இடைவெளி மாறாது, நிலையும் குலையாது.

இரண்டாம், மூன்றாம் முறைகளை ஒன்றாகக் கையாள்வதும் உண்டு. முதலில் மின்தேக்கியை நிரப்பி, பின்னர் சிறிது நேரம் மிகுந்த மின்னோட்டத்தில் பெருக்கியை அடங்கவிட்டு, அதன்பின் சிக்கன நிலைக்குத் திரும்புகிறார்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மில்லி விநாடிக் கணக்கு இவ்வாறு சில பத்து மைக்ரோ விநாடிகளாகக் குறைகிறது.

கைமாற்றும் கணம்

உதவியை அளிப்பதைவிட அதனை விலக்குவதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். டிரான்ஸிஸ்டர் ஸ்விட்சைத் திறக்கும்போது அதனுள் இருந்த சிறு மின்னேற்றம் அக்கம்பக்கத்தில் சிதறும். 10 பெம்டோகூலும் மின்னேற்றம் 20 பிகோபாரட் மின்தேக்கியில் விழுந்தால் அரை மில்லி வோல்ட் மாறுதல் உண்டாகும். ஒரு மில்லி வோல்ட் துல்லியம் போதுமெனில் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பத்தில் ஒரு மில்லி வோல்ட் வேண்டுமெனில் அதுவே பெரும்பிழை. ஸ்விட்சைச் சிறிதாக்கினால் சிதறும் மின்னேற்றம் குறையும். ஆனால் தடை மிகுந்து நிரப்பும் காலம் நீளும். மெல்லிய குழாயின் வேகத்தோடு ஒப்பிடுகையில் நிரப்பும் காலம் மிகக் குறைவாதலின், சிறிய ஸ்விட்சையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது தகும்.

விலக்கும் வரிசையும் முக்கியமானது. முதலில் ஒப்பு மின்னழுத்தம் நிலைபெற வேண்டும். அடுத்து உள்ளீடு வந்து சேர வேண்டும். அதன்பின் நிரப்பும் ஸ்விட்சுகள் திறக்க வேண்டும். அவை திறந்தபோது உண்டாகும் அதிர்ச்சி, மின்னோட்டம் இன்னும் மிகுந்திருக்கும்போதே அடங்கிவிட வேண்டும். இறுதியாகவே மின்னோட்டம் குறைய வேண்டும். இவ்வரிசையை மாற்றி, மின்னோட்டத்தை முதலில் குறைத்துவிட்டால், ஸ்விட்சின் அதிர்ச்சியை அடக்கும் பணி மீண்டும் மெதுவான பெருக்கியின் தலையில் விழும். சேமித்த காலம் அங்கே செலவாகிவிடும்.

உதவி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் இரு வழிகள் உள்ளன. கடிகாரச் சுற்றொன்றால் குறித்த நேரம் அளிப்பது எளிது. ஆனால் வெப்பத்தாலும் மின்கலம் தளர்வதாலும் நேரும் மாறுதல்களுக்கு இடம்விட்டு, நேரத்தைச் சற்று மிகுதியாகவே வைக்க வேண்டும். வெளியீடு உரிய நிலையை நெருங்கியதை ஓர் ஒப்பீட்டுச் சுற்றால் கண்டறிந்து விலக்குவது நுட்பமானது. ஆனால் அச்சுற்றுக்கும் மின்னோட்டம் வேண்டும். எளிய கருவிகளுக்கு முதல்வழியே ஏற்றது.

கருவி செய்வோர் கருத்திற்கு

பெருக்கியைத் தேர்ந்தெடுப்போர் அதன் விவரத்தாளில் முதலில் நோக்குவது மின்னோட்டச் செலவையே. இடையிடையே உறங்கி விழிக்கும் கருவிகளுக்கு, விழித்தெழும் காலத்தையும் அதனோடு சேர்த்து நோக்குவது இன்றியமையாதது. அக்காலம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியீடு அசையத் தொடங்கும்வரை அளந்த காலம் ஒன்று. தேவையான துல்லியத்தினுள் அடங்கும்வரை அளந்த காலம் மற்றொன்று. கருவிக்குத் தேவையானது இரண்டாவதே.

சோதனை செய்வது கடினமன்று. அலைகாட்டியின் ஒரு தடத்தில் மின்சாரம் பாயும் கணத்தையும், மற்றொரு தடத்தில் பெருக்கியின் வெளியீட்டையும் ஒருங்கே காண வேண்டும். அளவெடுக்கும் கணம் இரண்டாம் தடத்தின் எப்பகுதியில் விழுகிறது என்பது அப்போதே புலப்படும். அச்சோதனையை அறை வெப்பத்தில் மட்டும் செய்து நிறுத்தலாகாது. கருவி சந்திக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பத்திலும் மிக உயர்ந்த வெப்பத்திலும், புதிய மின்கலத்துடனும் தளர்ந்த மின்கலத்துடனும் செய்ய வேண்டும். நீண்ட உறக்கத்திற்குப் பின் எழும் முதல் விழிப்பையும், அடுத்தடுத்து வரும் விழிப்புகளையும் தனித்தனியே நோக்க வேண்டும். மின்னேற்றத்தைக் காத்துவைக்கும் முறையில் இவ்விரண்டும் வெவ்வேறாக இருக்கும். அலைகாட்டி இல்லாதவர்களுக்கும் ஓர் எளிய வழி உண்டு. விழித்த பின் அளவெடுக்கும்வரை விடும் இடைவெளியை இரு மடங்காக்கிப் பார்க்கலாம். அளவு மாறினால், பெருக்கி முன்னர் முழுமையாக எழவில்லை என்பது திண்ணம்.

1927-இல் பிளாக் கண்ட பின்னூட்டம் துல்லியத்தைத் தந்தது. ஊசலாட்டத்தையும் உடன் கொணர்ந்தது. ஊசலாட்டத்தை அடக்க வந்த மின்தேக்கி தாமதத்தைக் கொணர்ந்தது. தாமதத்தைப் போக்க வந்த ஸ்விட்சுகள் தமக்கெனச் சிறு பிழைகளைக் கொணர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பரிகாரத்தின் விலையையும் எண்ணிக்கையில் கணித்து, கருவியின் தேவைக்கு எது போதுமோ அதனைத் தேர்ந்துகொள்வதே பொறியாளரின் கடமை. அவ்வாறு கணிப்பதற்கு மின்தேக்கியின் அளவு, மின்னோட்டம், ஏற வேண்டிய மின்னழுத்தம் ஆகிய மூன்றே தொடக்கத்தில் போதும். ஒரு தாளின் ஓரத்தில் முடியும் இச்சிறு கணக்கைச் செய்யாமல் விட்டதனால் வீணாகும் மின்கலங்களும், ஐயத்திற்கிடமின்றித் தோன்றும் பொய்யளவுகளும் தவிர்க்கக்கூடியவையே.